தபால்கார நத்தையின் தகப்பன்

வருகிற சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, எண்பது குழந்தைகள் முன்னிலையில், என் மனைவியைக் காட்டிக்கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவெடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுதந்திரமாக இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அப்படி என்ன குற்றம் செய்தாள் என்று கேட்பீர்கள். ஒரு குற்றமும் செய்யவில்லை. என் கஷ்டமே அதுதான்.

நான் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிறவன். எழுதுகிறவன் என்றுதான் சொன்னேன், படம் வந்தது என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் பேர் திரையில் வந்தது ஒரே ஒரு தடவை. 'கதை விவாதம்' என்று போட்டு, கீழே பதினொரு பேர் வரிசையாக வந்தார்கள். நான் ஏழாவது. அந்த நேரம் பார்த்துத் தும்மியவர்கள் என்னைப் பார்த்திருக்க முடியாது. என் மனைவி தும்மலை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

இதே கையால் குழந்தைகளுக்கும் ஒன்பது புத்தகம் எழுதியிருக்கிறேன். ஒன்பதும் ஒரு தபால்கார நத்தையின் கதைகள். முதுகில் வீடு, கழுத்தில் பை, தலையில் தொப்பி. காடு முழுக்கக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும். இந்த வருடத்துப் பிறந்தநாள் வாழ்த்து அடுத்த பிறந்தநாளுக்குத்தான் போய்ச் சேரும். ஆனாலும் ஒரு மிருகமும் கோபித்துக்கொள்ளாது, எல்லாம் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும். இந்த நத்தையைப் பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் பார்த்திருக்கிறேன், பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தையின் மடியில் பார்த்திருக்கிறேன். அட்டையில் இருக்கும் பேர் மட்டும் என்னுடையது இல்லை. என் மனைவியுடையது.

இது அவள் செய்த சதி இல்லை. நானே என் தலையில் வாரிப் போட்டுக்கொண்ட மண்.

சினிமாவில் கதையை எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். 'ஓப்பன் பண்ணா' என்று ஆரம்பித்து, 'கட் பண்ணா, கட் பண்ணா' என்று தாண்டிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பழக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஓப்பன் பண்ணா, ஒன்பது வருடத்துக்கு முன்னால், எங்கள் சாப்பாட்டு மேசை. என் மனைவி முதல் நத்தைக் கதையை டைப் அடித்து முடித்திருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை செய்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவளுக்கு என் கையெழுத்து தண்ணீர் பட்ட பாடு. நான் எழுதுவது எதுவானாலும் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும்.

"பேரு உன்னோடதைப் போட்டுடு" என்றேன்.

"எழுதினது நீங்கதானே?"

"நான் யாரு? ரத்தம் தெறிக்கக் கதை சொல்றவன். போன வாரம்தான் தயாரிப்பாளர்கிட்ட முதல் பத்து நிமிஷத்துல பதினாலு பேரைக் கொன்னு காட்டிட்டு வந்தேன். அவர் பேத்தி கையில இருக்கிற நத்தைப் புத்தகத்துல என் பேரைப் பாத்தா என்ன நினைப்பாரு?"

"பதினாலு பேரைக் கொன்னப்ப என்ன நினைச்சாரோ?"

"உனக்குத் தொழில் தெரியாது. அங்க ஆளைப் பாத்தா ஒரு பயம் வரணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்போது நான் உள்பனியனைத் திருப்பிப் போட்டிருந்தேன்.

"நல்லா யோசிச்சுக்கோங்க" என்றாள். "பேரைக் குடுக்கிறது சுலபம். திரும்ப வாங்குறது கஷ்டம்."

"வெறும் பேருதானே" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்தால் இன்றைக்கு எதையும் கொடுப்பேன்.

நத்தை பிய்த்துக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடங்கள் என் மனைவியைக் கூப்பிட்டன. விடுமுறை நாட்களில் அவள் போய்க் கதை வாசித்துவிட்டு வருவாள். நான் கூடப் போவேன், புத்தகப் பையைத் தூக்க. அவள் முன்னால் நாற்காலியில், நான் கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பேன். முன்னால் அவளுக்குக் கைதட்டல். பின்னால் எனக்குக் கால் மரத்துப்போகும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. குழந்தைகள் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கும். பார்த்துவிட்டு ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரிக்கும். எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே கதைதான். என் வழுக்கையைப் பார்த்துத்தான் சிரிக்கின்றன என்று தொப்பி போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு இன்னும் பலமாகச் சிரித்தன. ஒரு பையன் ஒரு நத்தையை வரைந்து கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டு ஓடினான். நத்தைக்கு என்னுடைய கண்ணாடி, என்னுடைய மீசை. படத்தைக் கசக்கப் போனேன். என் மனைவி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கடிதங்களும் வரும். கோணல் எழுத்து, கலர் பென்சில். அவள் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டுவாள்.

"இதைப் படிங்க."

"உனக்கு வந்தது. நீயே படி."

"ஒரு தடவை பாருங்களேன்."

"எனக்கு வேலை இருக்கு. ஏழாவது வில்லனை எப்படிக் கொல்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

அவள் அதைக் கொண்டுபோய் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவாள். டின் மூடுகிற சத்தம் எனக்குப் பிடிக்காது. மாதத்துக்கு நாலைந்து தடவை கேட்கும்.

பத்தாவது புத்தகத்தில் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கலந்துவிட்டேன். நத்தையின் பையில் ஒரு கடிதம் கிடக்கிறது. 'உங்கள் எல்லோரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் பேர் இல்லை. நத்தை காடு முழுக்க ஊர்ந்து, "இதை எழுதியது யார்?" என்று கேட்கிறது. கடைசிப் பக்கம் வரை விடை கிடைக்கவில்லை.

டைப் அடித்துக்கொண்டிருந்த மனைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"எழுதின ஆளு கடைசி வரைக்கும் வரவே இல்லையே?"

"வருவான்."

"எந்தப் பக்கத்துல?"

"பக்கத்துல இல்ல. நேர்ல."

"ஓ" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அவள் 'ஓ' சொன்னால் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. வரவழைத்தது அதே தயாரிப்பாளர்.

புத்தகம் அச்சாகி வெளியாகிற வாரம், திங்கட்கிழமை அவர் அலுவலகத்தில் ஒரு புதுக் கதை சொன்னேன். ஏழு ஊரில் ஏழு எதிரிகள். நாயகன் ஒவ்வொரு ஊராகப் போய்த் தீர்த்துக்கட்டுகிறான். இரண்டே கால் மணி நேரம். துப்பாக்கிச் சத்தம், ரயில், மழை, நாயகியின் அழுகை எல்லாம் நானே. தயாரிப்பாளர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே கேட்டார். இடைவேளைக்குள் நாலு பழம் முடிந்திருந்தது.

"மொத்தம் எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்டார்.

"நாப்பத்தி மூணு சார்."

"ம். வேற ஏதாவது வச்சிருக்கீங்களா? சின்னதா. கேட்டா மனசு லேசாகிற மாதிரி."

"அதுக்கென்ன சார், இதுலயே சேத்துடலாம். நாப்பத்தி நாலாவது ஆளை மன்னிச்சு விட்டுடுவோம்."

மேசை ஓரத்தில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஒன்பதாவது நத்தை. தொப்பியோடு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இதைப் படிச்சிருக்கீங்களா?"

பேத்தியுடைய புத்தகம் போலிருக்கிறது, தெரியாத்தனமாக மேசைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"குழந்தைங்க புத்தகமெல்லாம் நான் தொடறதே இல்ல சார்" என்றேன்.

"அப்படியா" என்றார். புத்தகத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு, அட்டையில் தெறித்திருந்த ஆரஞ்சுச் சாற்றைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தார்.

படி இறங்கினேன். நாற்பத்து மூன்று பேரைக் கொன்றபோது வராத குற்ற உணர்ச்சி, ஒரு நத்தையைத் தெரியாது என்று சொன்னபோது வந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கென்று இந்த உலகத்தில் ஊர்ந்து போகிற ஜீவன் அது ஒன்று. அதையும் யாரோ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சனிக்கிழமை பத்தாவது புத்தகம் வெளியாகிறது, ஒரு பள்ளிக்கூட நூலகத்தில். அங்கே எழுந்து நின்று உலகத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுவது.

ஐந்து நாள் ஒத்திகை. மூன்று பக்கத்துக்கு வசனம். குளியலறையில் குரல் நன்றாக எதிரொலிக்கும்.

"உள்ள யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்க?" என்று வெளியே இருந்து கேட்பாள்.

"யார்கிட்டயும் இல்ல."

"'உண்மை ஒரு நாள் வெளியே வரும்'னு கேட்டுச்சே."

"குழாயைச் சொன்னேன். தண்ணி வரலை."

"உண்மை வர்ற அன்னிக்கு நீங்களும் வெளியே வாங்க. துணி ஊற வைக்கணும்."

சனிக்கிழமை காலை அவளே என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பையில் ஒரு புதுப் பேனாவைக் குத்திவிட்டாள்.

"பேனா எதுக்கு?"

"இருக்கட்டும். எப்ப தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஒரு நிமிடம் மனசு உறுத்தியது. இன்றைக்குக் கவிழப் போகிறாள், அது தெரியாமல் எனக்குப் பேனா குத்திவிடுகிறாள். அப்புறம் சமாதானம் சொல்லி அழைத்துப் போய் ஒரு புடவை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நூலகத்தில் புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். எண்பது குழந்தைகள். நான் வழக்கம்போல் கடைசியில். குழந்தைகளும் வழக்கம்போல் திரும்பிப் பார்த்து, இடித்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தன. சிரியுங்கள், இன்னும் அரை மணி நேரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி வாசித்தாள். நன்றாகத்தான் வாசிப்பாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நத்தை மலை ஏறும் இடத்தில் அவள் குரலே மூச்சு வாங்கியது. கடைசிப் பக்கம் முடிந்தது. முன்வரிசையில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"அந்தக் கடிதத்தை யாரு ஆன்ட்டி எழுதினது?"

என் மனைவி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நேராகக் கடைசி வரிசையைப் பார்த்தாள். இதைவிட நல்ல இடம் எந்தத் திரைக்கதையிலும் கிடைக்காது. எழுந்தேன். மரத்துப்போன காலோடு இரண்டு தள்ளாட்டம் போட்டு நிமிர்ந்தேன்.

"குழந்தைகளே" என்றேன். "இத்தனை வருஷமா உங்ககிட்ட ஒரு உண்மை மறைக்கப்பட்டிருக்கு. இந்த நத்தைக் கதைகளை உண்மையிலேயே எழுதினது யாருன்னா..."

எண்பது குழந்தைகளும் திரும்பின. எண்பது ஆள்காட்டி விரல்கள் எண்பது உதடுகள் மேல் போயின.

"ஷ்ஷ்ஷ்."

நூலகரும் வாயில் விரலை வைத்தார். அவர் எப்போதும் வைக்கிறவர் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பல் விழுந்த சிறுமி பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தாள். "அங்கிள், சொல்லக் கூடாது. நாங்க சத்தியம் பண்ணியிருக்கோம்."

"எதைச் சொல்லக் கூடாது?"

"நீங்கதான் கதை எழுதுறீங்கன்னு. அது ரகசியம். உங்களுக்குத் தெரியக் கூடாது."

"எனக்கே தெரியக் கூடாதா?"

"எங்களுக்குத் தெரியும்கிறது உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வெக்கப்பட்டு எழுதுறதையே நிறுத்திடுவீங்களாம்."

"யாரு சொன்னா?"

எண்பது விரல்களும் உதட்டிலிருந்து இறங்கி என் மனைவியைக் காட்டின. மூன்று பக்க வசனமும் சட்டைப் பையில் அப்படியே இருந்தது.

"உனக்கு எத்தனை நாளா தெரியும்?" என்று சிறுமியைக் கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒண்ணாம் வகுப்புல சேந்த அன்னிக்கே அக்கா சொன்னா. அவளுக்கு அவ சின்ன வயசுல ஆன்ட்டி சொன்னாங்களாம். அக்கா இப்ப பன்னெண்டாவது படிக்கிறா." அப்புறம் அவள் முன்னால் திரும்பினாள். "ஆன்ட்டி, அங்கிளே சொல்லிட்டாரு. இனிமே சத்தமா பேசலாமா?"

"பேசலாம்" என்றாள் என் மனைவி.

நூலகம் அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டிருக்காது. "நத்தை அங்கிள்" என்று கத்திக்கொண்டு எண்பதும் ஓடி வந்தன. ஆளுக்கொரு புத்தகத்தை நீட்டின. சட்டைப் பையில் பேனா இருந்தது. கையெழுத்துப் போட்டேன். முதல் பத்துப் புத்தகம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்க்கும்போது, இதே மாதிரி முகங்கள் ஒன்பது வருடமாக என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும், நான் ஒரு தடவைகூடத் திரும்பச் சிரிக்காததும் நினைவுக்கு வந்தன. அட்டையில் போட்டால் போய்விடும் என்று பயந்த பேரை ஒவ்வொரு புத்தகத்திலும் எழுதிக்கொண்டே போனேன். கடைசிப் பத்துப் புத்தகத்தில் கையெழுத்து சரியாக விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி புடவையைக்கூட மாற்றாமல் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஒன்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்க."

"நீங்க ஊரை ஏமாத்தச் சொன்னீங்க. எனக்கு அது வரலை. ஒரு ஆளை ஏமாத்துறது சுலபமா இருந்துச்சு."

"ஏன் சொன்ன அவங்ககிட்ட?"

"மொதல் பள்ளிக்கூடத்துலயே ஒரு பொண்ணு கேட்டா. 'நத்தை ஏன் ஒரு கடிதத்தைக்கூடப் பிரிச்சுப் படிக்கலை'ன்னு. எனக்கு என்ன தெரியும்? எழுதின உங்களுக்குத்தானே தெரியும்? சின்னப் பிள்ளைகிட்ட எப்படிங்க பொய் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் கடிதத்தை நீட்டினேன். 'உனக்கு வந்தது, நீயே படி'ன்னீங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திறந்தேன். கலர் பென்சில் எழுத்தில், ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் 'நத்தை அங்கிளுக்கு'. கண்ணாடியும் மீசையும் வைத்த அந்த நத்தையும் இருந்தது. கீழே சின்னதாக 'எனக்குப் பிடித்தவர்' என்று எழுதியிருந்தான். அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. இன்னொரு கடிதம் ஏழு வருடத்துக்கு முன்னால் வந்தது. 'அங்கிள், நத்தைக்குச் சிரிக்கத் தெரிகிறது. நீங்கள் ஏன் எங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை? நான் தினமும் தூங்கும் முன்னால் உங்கள் கதையைத்தான் படிக்கிறேன். பதில் போடவும்.'

யாரும் பதில் போடவில்லை. அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து எந்தப் பள்ளியில் படிக்கிறதோ, இன்னும் நத்தையைப் படிக்கிறதோ இல்லையோ. எனக்கு அழுகை வந்தது. என் கதைகளில் வருகிற அழுகை மாதிரி பின்னணி எதுவும் இல்லாமல், சாதாரணமாக, மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தது. என் மனைவி முந்தானையை நீட்டினாள். துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் போனதும், மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்டிக்கொள்ள ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

"நல்லவேளை" என்றேன். "தயாரிப்பாளருக்காவது தெரியாம இருந்துச்சே."

கத்தி நின்றது.

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"மொதல் புத்தகத்தை நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன். 'எங்க வீட்டுக்காரர் எழுதினது, வெளியில சொல்லக் கூச்சப்படுறாரு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க'ன்னு. ரெண்டாவதுல இருந்து அவரே ஆள் அனுப்பி வாங்கிக்கிறாரு. பேத்திக்கு இல்ல, அவருக்கே."

ஆரஞ்சுச் சாற்றை அவர் கைக்குட்டையால் துடைத்தது கண்ணுக்குள் வந்தது.

"அப்ப அவர் என்னைக் கேவலமா நினைக்கலையா?"

"சே. உங்க மேல எவ்வளவு மரியாதை தெரியுமா? நத்தையை எழுதினவருங்கிறதாலதான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் உக்காந்து கேக்குறாரு. வேற யாரு கேப்பா?"

ஒன்பது வருடமாக நான் நத்தையைச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அலுவலகப் படிகளில் நத்தைதான் என்னைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் ரோஷமும் வந்தது.

"நத்தையால எனக்குக் கெட்ட பேரு வரலைன்னா, அப்புறம் ஏன் இத்தனை வருஷத்துல என் சினிமாக் கதையில ஒண்ணைக்கூட அவர் எடுக்கலை? அதைக் கேட்டியா அவர்கிட்ட?"

அவள் குனிந்து மறுபடியும் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள்.

"அதை எதுக்குங்க அவர்கிட்ட கேக்கணும்? அத்தனையும் டைப் அடிச்சவ நான்தானே."